லினக்ஸ் மூலநிரலை இறக்குதல்: கெர்னல்.ஆர்க் சேவை பற்றிய மதிப்புரை

மாபெரும் திறந்த மூலத் திட்டம் ஒன்றின் நிரலைத் தம் கணினியில் இறக்கிப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் பலர் முதலில் தேடிப் போவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைத்தான். அதன் அதிகாரபூர்வ இருப்பிடமான கெர்னல்.ஆர்க் தளத்தை ஒரு பதிவிறக்கச் சேவையாக மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். கெர்னலின் தரமோ அதை உருவாக்குவோரின் நடைமுறைகளோ இம்மதிப்புரையின் எல்லைக்குள் வரவில்லை. தளத்தை நடத்துவது 2002இல் கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்ட லினக்ஸ் கெர்னல் ஆர்கனைசேஷன் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, விளம்பரமும் இல்லை. இறக்கிய கோப்பு உண்மையானதுதானா என்பதைப் பயனரே சோதித்து அறிந்துகொள்ள வகைசெய்வதில் இந்தச் சேவைக்கு நிகரானவை மிகக் குறைவு. ஆனால் எதை, எந்த வழியில் இறக்க வேண்டும் என்பதைப் புதியவருக்கு எடுத்துச் சொல்வதில் அது காட்டும் அக்கறையும் அதே அளவுக்குக் குறைவு.

முகப்புப் பக்கம் மிக எளிமையானது. மேலே புதிய பதிப்பைச் சுட்டும் மஞ்சள் நிறப் பெரிய பொத்தான் ஒன்று, அதன் கீழே பதிப்புகளின் அட்டவணை, ஒவ்வொரு பதிப்புக்கும் நேரே சுருக்கக் கோப்பு, கையொப்பம், பதிப்புகளுக்கிடையிலான மாற்றங்களை மட்டும் கொண்ட ஒட்டுக்கோப்பு, மாற்றப் பட்டியல் ஆகியவற்றுக்கான இணைப்புகள். பெரிய படங்களோ பகட்டோ இல்லாததால் மெதுவான இணைப்பிலும் பக்கம் உடனே திறந்துவிடுகிறது. பழகியவருக்கு இதைவிட வசதியான பக்கம் அமையாது. ஆனால் அட்டவணையில் மெயின்லைன், ஸ்டேபிள், லாங்டெர்ம், லினக்ஸ்-நெக்ஸ்ட் என்று வரிசையாக நிற்கும் பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதப்படவில்லை. விளக்கம் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. நல்ல விளக்கம்தான், ஆனால் அப்படியொன்று இருப்பது தெரிந்தவரே அங்கே போவார்.

மெயின்லைன் என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பராமரிக்கும் முதன்மைக் கிளை. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து புதிய பதிப்பு வருகிறது. அவ்வாறு வெளிவந்த பதிப்புக்குப் பிழைதிருத்தங்களை மட்டும் சேர்த்து வெளியிடுவது ஸ்டேபிள். அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள் வழங்கிவருவது லாங்டெர்ம். 2023இல் வந்த 6.6, 2024இல் வந்த 6.12 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. லினக்ஸ்-நெக்ஸ்ட் என்பது அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கும் மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கும் தற்காலிகத் தொகுப்பு. அதன்மீது வேலை செய்வோரைத் தவிர மற்றவர் அதைத் தொடவேண்டிய தேவையே எழாது. படித்துப் பார்ப்பதற்கு ஸ்டேபிளும், ஒரு கருவியில் நிறுவி நெடுநாள் ஓட்டுவதற்கு லாங்டெர்மும் போதும். இந்த இரண்டு வரிகளை முகப்பில் எழுதிவைப்பதற்கு எவ்வளவு இடம் தேவைப்பட்டுவிடும் என்று தெரியவில்லை.

முகப்பில் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. தம் கணினியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் நிரல் வேண்டும் என்று வருபவருக்கு இது சரியான இடம் அன்று. லினக்ஸை முழு இயங்குதளமாகத் தொகுத்துத் தரும் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற வழங்கல்கள் இங்கிருந்து எடுத்த நிரலில் தம் சொந்தத் திருத்தங்களைச் சேர்த்தே வெளியிடுகின்றன. பதிப்பு எண் ஒன்றாகவே தோன்றினாலும் உள்ளே இருப்பது முற்றிலும் ஒன்றாக இராது. அத்தகையவர் அந்தந்த வழங்கலின் மூலப் பொதியையே தேடிப் போக வேண்டும்.

இனி பதிவிறக்கத்துக்கு வருவோம். பெரும்பாலோருக்குப் பொருத்தமான வழி, எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய டார் கோப்புதான். அண்மைய பதிப்புகள் எக்ஸ்இசட் முறையில் சுருக்கப்பட்டுச் சுமார் 140 மெகாபைட் அளவில் கிடைக்கின்றன. விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைட், 80,000க்கும் மேற்பட்ட கோப்புகள். அதே தளத்தின் பழைய கோப்பகத்தில் 1991ஆம் ஆண்டின் 0.01 பதிப்பும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பத்தாயிரம் வரிகளை ஒட்டிய அந்த நிரலின் சுருக்கக் கோப்பு நூறு கிலோபைட்டைக்கூட எட்டவில்லை. இன்றைய நிரலோ நான்கு கோடி வரிகளை ஒட்டி நிற்கிறது. இரண்டையும் ஒரே தளத்திலிருந்து அடுத்தடுத்து இறக்க முடிவது எனக்கு மிகப் பிடித்த விஷயம். முழுக் கெர்னலையும் படித்துமுடிக்க எவராலும் இயலாது, ஆனால் 0.01ஐப் பொறுமையுள்ள ஒருவர் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

கோப்புகள் உலகெங்கும் பரவிய விநியோக வலையமைப்பின் வழியாக வருவதால் வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. இடையில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உலாவியை நம்பாமல் டபிள்யூகெட் அல்லது கர்ல் போன்ற கருவியைப் பயன்படுத்துவது இதற்கு உதவும். விரிக்கும் கட்டத்தில்தான் சற்றுப் பொறுமை வேண்டும். பெரிய கோப்பு ஒன்றை எழுதுவதைவிட எண்ணற்ற சிறு கோப்புகளை எழுதுவது சுழலும் வட்டுகளுக்குக் கடினமான வேலை. ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும் நச்சுநிரல் தடுப்பானும் இயங்கினால் காத்திருக்கும் நேரம் இன்னும் நீளும். முன்பு எஃப்டிபி என்னும் பழைய கோப்புப் பரிமாற்ற வழியிலும் கோப்புகள் கிடைத்துவந்தன. அந்தச் சேவை 2017இல் நிறுத்தப்பட்டது. பழைய பயிற்சி நூல்களில் காணும் எஃப்டிபி முகவரிகள் வேலை செய்யாததற்குக் காரணம் அதுவே.

இந்தச் சேவையின் உண்மையான பெருமை கையொப்பத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்போடும் வெளியிட்டவர் யார் என்பதைக் காட்டும் பிஜிபி என்னும் மின்னணுக் கையொப்பம் தனிக் கோப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. அது சுருக்கப்பட்ட கோப்புக்கு இடப்பட்டதன்று, விரித்தபின் கிடைக்கும் டார் கோப்புக்கு இடப்பட்டது. இதை அறியாமல் சுருக்கக் கோப்பையும் கையொப்பத்தையும் நேரடியாகச் சேர்த்துச் சோதிப்பவர், கையொப்பம் பொருந்தவில்லை என்னும் செய்தியைக் கண்டு திகைப்பார். சுருக்கத்தை நீக்கி அதன் வெளியீட்டை கையொப்பங்களைச் சோதிக்கும் ஜிபிஜி கருவிக்குள் செலுத்த வேண்டும். ஜிஜிப், எக்ஸ்இசட் ஆகிய இரு வடிவங்களுக்கும் ஒரே கையொப்பம் போதும் என்பதே இந்த ஏற்பாட்டின் வசதி. அதன் விலை, இன்னும் சரிபார்க்கப்படாத கோப்பொன்றை நம் கணினியில் விரித்தாக வேண்டும் என்பது. இந்த இடைவெளியையும் தளத்தினர் கவனித்திருக்கிறார்கள்: அவர்கள் தரும் சிறு உதவி நிரல் ஒன்று கோப்பை இறக்கி, முதலில் அதன் சரிபார்ப்புத் தொகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்) ஒப்பிட்டு, அது பொருந்தினால் மட்டுமே விரித்துக் கையொப்பத்தைச் சோதிக்கிறது. புதியவர்கள் கையால் செய்வதைவிட இந்த நிரலைப் பயன்படுத்துவதே நல்லது. சரிபார்ப்புத் தொகைகளின் பட்டியலுக்கும் கையொப்பம் உண்டு என்றாலும் அதை இடுவது தளத்தின் தானியங்கி ஏற்பாடுதான். கோப்பு வழியில் சிதைந்ததா என்று அறிய அது போதும், நிரலை வெளியிட்டவர் யார் என்பதற்கு அது சான்றாகாது. இந்த வேறுபாட்டைத் தளமே மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு கவனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011 ஆகஸ்டில் கெர்னல்.ஆர்க்கின் வழங்கிகள் சில ஊடுருவப்பட்டன. அம்மாதம் 28ஆம் தேதி அது தெரியவந்தது. தளம் வாரக்கணக்கில் மூடப்பட்டது; டோர்வால்ட்ஸ், நிரலும் அதன் மாற்ற வரலாறும் அடங்கிய தம் களஞ்சியத்தைத் தற்காலிகமாகக் கிட்ஹப் என்னும் வேறொரு தளத்தில் வைத்து வேலையைத் தொடர்ந்தார். அப்போது நிரல் களவாகத் திருத்தப்பட்டிருக்குமோ என்னும் அச்சத்தைத் தணித்தது வழங்கியின் பாதுகாப்பு அன்று. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அமைப்பின் தன்மையே தணித்தது. ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு மாற்றமும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட அடையாளத்தால் குறிக்கப்படுவதால், பழைய வரலாற்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப்பின் வந்த எல்லா அடையாளங்களும் மாறிவிடும். ஏற்கெனவே நகல் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோரின் கணினிகளில் அது உடனே வெளிப்பட்டிருக்கும். அந்நிகழ்வுக்குப் பிறகு நிரலாளர்கள் நேரில் சந்தித்து ஒருவரின் கையொப்பத் திறவுகோலுக்கு மற்றவர் சான்றொப்பமிடும் வழக்கம் வலுப்பட்டது. இன்று நாம் காணும் கையொப்ப ஏற்பாடு, தளத்தையே நம்ப வேண்டிய தேவை இல்லாதபடி அமைக்கப்பட்டிருப்பது அதனால்தான்.

டார் கோப்பும் கிட் களஞ்சியமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பது இரண்டாவது கேள்வி. இது வெறும் ஐயவாதம் அன்று. 2024 மார்ச் மாத இறுதியில் எக்ஸ்இசட் கருவிகளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் மென்பொருளாளர் கண்டுபிடித்தார். தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்ததே அதற்குத் தொடக்கம். அந்தக் கள்ளவாயிலைச் செயல்படவைக்கும் நிரல்பகுதி பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர்கள் கண்ணில் அது படாததற்கு அதுவே காரணம். கெர்னல் டார் கோப்பிலோ அப்படிப் புறத்திலிருந்து வந்துசேரும் கோப்புகள் இல்லை. களஞ்சியத்தில் அந்தப் பதிப்பைச் சுட்டும் கிட் குறிச்சொல்லிலிருந்து நேரடியாக உருவாக்கப்படுவது அது; களஞ்சியம் வைத்திருக்கும் எவரும் அதே டார் கோப்பைத் தாமே உருவாக்கி ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கெர்னல் கோப்புகள் சுருக்கப்படுவதும் அதே எக்ஸ்இசட் முறையில்தான் என்பது இந்தக் கதையின் ஒரு நகைமுரண்.

குறை சொல்லவேண்டிய இடமும் இங்கேயே உண்டு. கையொப்பத்தைச் சோதிக்கத் தேவையான திறவுகோலைப் பெறுவதும் பெரும்பாலும் கெர்னல்.ஆர்க் வழியாகத்தான். முதன்முறை வருபவர் அதை நம்பித்தான் ஆக வேண்டும். அடுத்தடுத்த முறைகளில்தான் அந்தத் திறவுகோல் உண்மையான காவலாகிறது. ஆகவே ஒருமுறை பெற்ற திறவுகோலை அழித்துவிடாமல் வைத்திருப்பது அவசியம். இதோடு, கையொப்பம் சரியாக இருந்தாலும், திறவுகோலுக்கு நம்பகமான சான்று இல்லை என்று ஜிபிஜி ஓர் எச்சரிக்கையை நீட்டுகிறது. கையொப்பம் தவறு என்பது வேறு, திறவுகோலின் உரிமையாளரை நீங்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை என்பது வேறு. அந்த எச்சரிக்கை இரண்டாவதைச் சொல்கிறது. தளத்தின் கையொப்பப் பக்கம் இதை விளக்குகிறது. படிப்பதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும், அவ்வளவே.

ஒரு விதிவிலக்கையும் அறிந்திருக்க வேண்டும். பதிப்பு முற்றுப்பெறும் முன் வரும் ஆர்சி எனப்படும் முன்னோட்ட வெளியீடுகளுக்கு 2017 முதல் கையொப்பமிட்ட டார் கோப்புகள் வைக்கப்படுவதில்லை. முகப்பு அட்டவணையில் அவற்றுக்கும் சுருக்கக் கோப்பு இணைப்பு இருக்கும். ஆனால் அது கிட் வழங்கி அவ்வப்போது உருவாக்கித் தருவது. முன்னோட்டப் பதிப்பைச் சரிபார்த்தே தீர வேண்டும் என்பவருக்குக் கிட்டில் உள்ள கையொப்பமிட்ட குறிச்சொல்லே வழி.

அந்தக் கிட் வழி, நிரலின் வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கானது. ஒரு வரி எப்போது, யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று தேடும் எவருக்கும் அதற்கு மாற்று இல்லை. கெர்னலின் மாற்றக் குறிப்புகள் பல நேரங்களில் நிரலைவிட அதிகம் கற்றுத்தருகின்றன. ஆனால் அதன் பளு பெரிது. கமிட்டுகள் எனப்படும் மாற்றப் பதிவுகள் பத்து லட்சத்துக்கும் மேல், ஜிகாபைட் கணக்கில் தரவு, அதற்கு மேல் விரித்த கோப்புகள். பளுவைவிடப் பெரிய தொல்லை, களஞ்சியத்தை நகலெடுக்கும் கிட் குளோன் இடையில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. இது கெர்னல்.ஆர்க்கின் குறை அன்று, கிட்டின் இயல்பு. இருந்தும், நிலையற்ற இணைப்பில் இருப்பவருக்கு யாருடைய குறை என்பதால் ஆறுதல் கிடைக்கப்போவதில்லை. தொண்ணூறு விழுக்காட்டில் நின்றுபோன குளோன் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

இதற்குத் தீர்வு தளத்திலேயே இருக்கிறது, கண்ணில் படாத மூலையில். முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாகக் கட்டிய பண்டில் ஒன்றை விநியோக வலையமைப்பில் வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கோப்பு என்பதால் அறுந்த இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கலாம். இறக்கிய பண்டிலிலிருந்து உள்ளூரிலேயே குளோன் செய்து, பின்னர் தொலைமுகவரியை உண்மையான களஞ்சியத்துக்கு மாற்றி, பண்டில் உருவான பிறகு வந்த மாற்றங்களை மட்டும் பெற்றுக்கொண்டால் போதும். வழங்கியின் சுமையும் இதனால் குறைகிறது; தானியங்கிச் சோதனை அமைப்புகள் இவ்வழியையே பயன்படுத்த வேண்டும் என்பது தளத்தினரின் வேண்டுகோள். நான் இதுவரை பார்த்த பயிற்சிக் குறிப்புகளுள் பண்டிலைச் சொல்பவை மிக அரிது. முகப்பில் இடம்பெற வேண்டிய இணைப்பு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

வரலாற்றில் அண்மைப் பகுதி மட்டும் போதும் என்றால் ஆழத்தைக் குறைத்துக் குளோன் செய்யலாம். ஆழம் ஒன்று என்று குறித்தால் முழு நகலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இறங்கும். வேண்டும்போது பின்னாளில் முழுமையாக்கிக்கொள்ளவும் முடியும். கமிட்டுகளை எல்லாம் முதலில் பெற்று, கோப்புகளின் பழைய உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் பெறும் பகுதிக் குளோன் இன்னொரு நடுவழி. குறிப்புகளைப் படிப்பதற்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தொடங்கினால் ஒவ்வொரு படியிலும் வழங்கியை அழைக்கும், இணையம் இல்லாத நேரத்தில் பாதியில் நின்றுவிடும்.

முழு வரலாறு என்று சொல்லும்போதும் ஒரு திருத்தம் தேவை. முதன்மைக் களஞ்சியம் 2005 ஏப்ரலில், 2.6.12 பதிப்பின் இரண்டாம் முன்னோட்டத்திலிருந்தே தொடங்குகிறது. அதுவரை பயன்பட்டுவந்த பிட்கீப்பர் கருவியின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதால் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். பழைய வரலாற்றைச் சேர்த்தால் 3.2 ஜிகாபைட் ஆகும், தொடக்கத்திலேயே அது வேண்டாத சிக்கல் என்று முதல் கமிட்டின் குறிப்பிலேயே பதிந்துவைத்தார். அதற்கு முந்தைய காலத்தை மீட்டுத் தொகுத்த களஞ்சியங்கள் அதே தளத்தில் தனியாக இருக்கின்றன. வரலாறுகளை ஒட்டவைக்கும் கிட்டின் வசதியால் இவற்றை இணைத்து 1991 வரை பின்னோக்கிச் செல்ல முடியும்.

விண்டோஸ், மேக் பயனர்களை எச்சரிப்பது என் கடமை. கெர்னலில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டால் மட்டும் பிரிந்து நிற்கும் கோப்பு இணைகள் சில இருக்கின்றன. வலைப்பின்னல் தரவை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியின் தலைப்புக் கோப்புகள் அதற்குச் சான்று. இவ்விரு இயங்குதளங்களின் வழக்கமான கோப்பமைப்பு அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாததால் ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்பட்டு, தொடப்படாத கோப்புகள்கூட மாற்றப்பட்டவையாகத் தோன்றும். போதாக்குறைக்கு, நூவோ வரைகலை இயக்கியில் ஆக்ஸ் என்று பெயரிட்ட கோப்புகள் இருக்கின்றன. அப்பெயரை விண்டோஸ் தன் பழைய சாதனப் பெயர்களில் ஒன்றாக ஒதுக்கிவைத்திருக்கிறது. மேக்கில் எழுத்து வேறுபாட்டை மதிக்கும் வட்டுப் படிமம் ஒன்றை உருவாக்கி அதனுள் விரிப்பதும், விண்டோஸில் லினக்ஸை இயக்க உதவும் டபிள்யூஎஸ்எல்லின் உள்ளே லினக்ஸ் கோப்பமைப்பில் வைப்பதும் வேலையைச் சீராக்கும். தளத்தின் முகப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பிற பெருந்திட்டங்களோடு ஒப்பிட்டால் இந்தத் தொல்லைகள் சிறியவையே. குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியம் நிரலைப் பெறத் தனிக் கருவித் தொகுப்பு ஒன்றை முதலில் நிறுவ வேண்டும். வட்டில் குறைந்தது 100 ஜிகாபைட் இடம் வேண்டும் என்கிறது அதன் ஆவணம். ஆண்ட்ராய்டு நூற்றுக்கணக்கான களஞ்சியங்களை ஒருங்கே இழுக்கும் ரெப்போ என்னும் கருவியைக் கேட்கிறது. இறக்கவும் தொகுக்கவும் சேர்த்து 400 ஜிகாபைட் ஒதுக்கச் சொல்கிறது. கெர்னலோ, வேறெந்தத் திட்டத்தின் நிரலையும் உடன் இழுத்து வராமல் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது.

டார் கோப்பு வழியைத் தேர்ந்தவர், அடுத்த திருத்தப் பதிப்பு வரும்போது முழுவதையும் மீண்டும் இறக்காமல் ஒட்டுக்கோப்பைப் பயன்படுத்த நினைப்பது இயல்பு. அட்டவணையில் அதற்கு இரண்டு இணைப்புகள் உள்ளன. சாதாரண ஒட்டுக்கோப்பு அடிப்படைப் பதிப்பின்மீது இடவேண்டியது: 6.6.5க்கான ஒட்டு 6.6க்குப் பொருந்துமே தவிர 6.6.4க்குப் பொருந்தாது. படிமுறை ஒட்டு என்று தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதே முந்தைய திருத்தப் பதிப்பின்மீது இடத்தக்கது. இடையில் சில பதிப்புகளைத் தவறவிட்டவர் அவை ஒவ்வொன்றையும் வரிசையாக இடவேண்டியிருக்கும். ஸ்டேபிள் கிளைக்கு அடிக்கடி, சில வேளைகளில் ஒரே வாரத்தில் இருமுறைகூட, திருத்தங்கள் வருவதால் தொடர்ந்து புதுப்பிக்க விரும்புபவர் அந்தக் கிளையைக் கிட் வழியாக ஒருமுறை இறக்கிவிடுவதே மேல். பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குவது புதிய மாற்றங்கள் மட்டுமே.